'வென் வில் யூ'வா, 'வென் யூ வில்'லா?

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். ஆறு மாதமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் போனிலும் மெயிலிலும் பேச வேண்டியிருக்கிறது. ஒரு நாள் 'கேன் யூ டெல் மீ வென் வில் யூ சென்ட் தி ஃபைல்?' என்று கேட்டேன். கால் முடிந்ததும் என் டீம் லீட், "வென் வில் யூ தப்பு, வென் யூ வில் என்று சொல்லணும்" என்றார். மறுநாள் ரொம்பக் கவனமாக, 'வென் யூ வில் சென்ட் தி ஃபைல்?' என்று கேட்டேன். அதுவும் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இரண்டில் எதுதான் சரி? இன்னொன்று. எல்லா மெயிலிலும் 'ப்ளீஸ்' போட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அதிகாரம் பண்ணுவது போல இருக்கிறது என்கிறார்கள். உதாரணத்துக்கு, போன வாரம் நான் எழுதியது: 'ப்ளீஸ் டெல் மீ வொய் தி ரிப்போர்ட் இஸ் நாட் சென்ட். ப்ளீஸ் சென்ட் இம்மீடியட்லி.' இதில் என்ன தவறு? இப்போதெல்லாம் கேள்வி கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சரி. 'வென் வில் யூ சென்ட் தி ஃபைல்?' தனியாக நிற்கும்போது நல்ல கேள்வி. 'வென் யூ வில் சென்ட் தி ஃபைல்' என்பது 'கேன் யூ டெல் மீ'க்குப் பின்னால் வரும்போது சரி. நீங்கள் முதல் நாள் ஒன்றையும் மறுநாள் மற்றதையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். உங்கள் டீம் லீட் இரண்டு முறை திருத்தியதும் இலக்கணப்படி சரியே. ஆனால் ஏன் என்று சொல்லாமல் 'இது தப்பு, அது சரி' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் அதை எல்லா இடத்துக்கும் பொது விதியாகத்தான் எடுத்துக்கொள்வார். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்த ஓர் இடத்தில் தடுமாறாத தமிழர் மிகக் குறைவு. கவனம் போதாததால் வரும் தவறு இல்லை இது. தமிழை நன்றாகப் பேசுகிற ஒருவரின் மனம் இயல்பாகச் செய்கிற காரியம். எப்படி என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தமிழில் கேள்வி கேட்க எந்தச் சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. 'அவர் நாளைக்கு வருவார்' என்பது செய்தி. 'அவர் எப்போது வருவார்?' என்பது கேள்வி. 'நாளைக்கு' இருந்த இடத்தில் 'எப்போது' வந்து உட்கார்ந்துகொண்டது, மற்றதெல்லாம் அப்படியே. இதையே கொஞ்சம் பணிவாகக் கேட்க வேண்டுமானால் முழுக் கேள்வியையும் தொடாமல் எடுத்து, பின்னால் ஒரு 'என்று' சேர்த்து, 'அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியுமா?' என்கிறோம். இந்த 'என்று' எந்த வாக்கியத்தையும் முழுசாக ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பது கேள்வியா, செய்தியா என்று பார்க்காது.

ஆங்கிலத்தில் கதை வேறு. 'ஹீ வில் கம் டுமாரோ' என்பது செய்தி. எழுவாய் 'ஹீ' முன்னால், 'வில்' பின்னால். கேள்வியாக்கும்போது 'வென் வில் ஹீ கம்?' என்று 'வில்' எழுவாயைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. இந்தத் தாவல்தான் ஆங்கிலத்தில் கேள்விக்கு அடையாளம். நம் காதுக்கு எப்படி 'வருவாரா'வில் உள்ள 'ஆ' கேள்வியைக் காட்டுகிறதோ, அப்படி அவர்கள் காதுக்கு இந்தத் தாவல்.

இப்போது 'கேன் யூ டெல் மீ' என்பதைப் பாருங்கள். 'யூ கேன்' என்றிருக்க வேண்டியது 'கேன் யூ' ஆகியிருக்கிறது. அதாவது தாவல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. கேள்வி கேட்டாயிற்று. அதற்குப் பிறகு வருவது கேள்வி இல்லை, 'எதைச் சொல்லச் சொல்கிறேன்' என்ற விவரம். விவரத்துக்குத் தாவல் கிடையாது. அதனால்தான் 'கேன் யூ டெல் மீ வென் யூ வில் சென்ட் தி ஃபைல்?' ஒரு தாவல் போதும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆகிவிட்டால் பின்னால் கூடாது. தொடக்கமே இல்லையென்றால் அந்தத் தாவல் கேள்விச் சொல்லை ஒட்டியே நடந்தாக வேண்டும்.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதைக் கவனித்திருக்கிறேன். நேராகக் கேட்கும்போது 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று தாவலை விட்டுவிடுகிறோம், தமிழில் தாவல் இல்லாததால். பணிவாகக் கேட்கும்போது 'மே ஐ நோ வேர் ஆர் யூ கோயிங்?' என்று தாவலைப் போட்டுவிடுகிறோம், பள்ளியில் மனப்பாடம் செய்த கேள்வியை 'என்று' போட்டு ஒட்டுவது போல ஒட்டுவதால். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மெயிலை அனுப்பும் முன் கேள்விச் சொல் வரைக்கும் விரலால் மறையுங்கள். 'கேன் யூ டெல் மீ வென்' மறைந்துவிட்டது. மிச்சம் 'யூ வில் சென்ட் தி ஃபைல்.' இது தனியாக ஒரு செய்தியாக நிற்கிறதா? நிற்கிறது. அப்போது சரி. மிச்சம் 'வில் யூ சென்ட் தி ஃபைல்' என்று இருந்தால் அது இன்னொரு கேள்வி. ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

'டூ, டஸ், டிட்' வருகிற கேள்விகளில் இன்னும் ஒரு படி இருக்கிறது. என் வகுப்பில் ஒருவர் 'டூ யூ நோ வென் டஸ் தி மீட்டிங் ஸ்டார்ட்?' என்றார். தாவல் வேண்டாம் என்றேன். உடனே 'வென் தி மீட்டிங் டஸ் ஸ்டார்ட்' என்றார். தாவல் போய்விட்டது, ஆனால் 'டஸ்' போகவில்லை. கேட்பவருக்கு ஏதோ அழுத்திச் சொல்வது போல இருக்கும். சரி, 'டஸ்' வேண்டாம் என்றதும் 'வென் தி மீட்டிங் ஸ்டார்ட்' என்றார். இப்போது 'டஸ்' போனது, கூடவே அது வைத்திருந்த 'ஸ்' ஒலியும் போய்விட்டது. நான்காவது முறைதான் 'டூ யூ நோ வென் தி மீட்டிங் ஸ்டார்ட்ஸ்?' வந்தது. அவர் முகம் அப்போது தெளிந்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன். விஷயம் இதுதான்: தாவுவதற்கு வேறு துணைவினை இல்லாதபோது தாவுவதற்கென்றே 'டஸ்' வருகிறது. வரும்போது வினைச்சொல்லிடமிருந்து அந்த 'ஸ்' ஒலியை வாங்கிக்கொள்கிறது. தாவல் தேவையில்லை என்றால் அதுவும் தேவையில்லை. போகும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 'டிட்'டும் அப்படித்தான். அது வாங்கி வைத்திருப்பது இறந்தகாலத்தை. 'வாட் டிட் ஹீ சே?' என்பது 'கேன் யூ டெல் மீ வாட் ஹீ செட்?' ஆகும்.

அடுத்து, கேள்விச் சொல்லே இல்லாத கேள்விகள். 'இஸ் தி மேனேஜர் இன் தி ஆஃபீஸ்?' இதைப் பணிவாக்கினால் 'குட் யூ டெல் மீ இஃப் தி மேனேஜர் இஸ் இன் தி ஆஃபீஸ்?' இந்த 'இஃப்' பலரைக் குழப்புகிறது. பள்ளியில் 'இஃப்' என்றால் 'ஆல்' என்று படித்தோம்: வந்தால், இருந்தால், கேட்டால். இங்கே அது 'ஆல்' இல்லை, வெறும் 'ஆ'. மேலாளர் இருக்கிறாரா என்று சொல்ல முடியுமா? அந்த 'இருக்கிறாரா'வின் கடைசி 'ஆ'தான் ஆங்கிலத்தில் 'இஃப்' ஆகி முன்னால் வந்து நிற்கிறது. 'ஆல்' என்ற பொருளில் வரும் 'இஃப்' பின்னால் எதிர்காலத்துக்கு 'வில்' போடாது: 'இஃப் ஹீ கம்ஸ், ஐ வில் கால் யூ.' 'ஆ' என்ற பொருளில் வருவது தாராளமாகப் போடும்: 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்.' இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் 'இஃப்'புக்குப் பின்னால் 'வில்' வரலாமா கூடாதா என்ற பழைய சந்தேகமும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

'வெதர்' (whether) என்பதும் அதே 'ஆ'தான். பேச்சில் 'இஃப்' போதும். ஆனால் வேலை சம்பந்தமான மெயிலில் நான் 'வெதர்' பக்கம் சாய்வேன். காரணம் இருக்கிறது. 'லெட் மீ நோ இஃப் யூ ஆர் கமிங்' என்று எழுதினால் இரண்டு விதமாகப் படிக்கலாம். 'வருகிறீர்களா என்று சொல்லுங்கள்' என்பது ஒன்று. 'வருவதாக இருந்தால் சொல்லுங்கள்' என்பது மற்றது. இரண்டாவதாகப் படித்தவர், வராவிட்டால் பதிலே போட மாட்டார். நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். 'வெதர்' என்று போட்டால் 'ஆல்' என்ற பொருளுக்கு இடமில்லை. வந்தாலும் வராவிட்டாலும் பதில் வேண்டும் என்பது தெளிவு. இதைத் தவிர 'டு'வுக்கு முன்னால் 'வெதர்' மட்டும்தான் வரும்: 'ஐ ஆம் நாட் ஷுவர் வெதர் டு கால் ஹிம்.' அங்கே 'இஃப்' நிற்காது.

தாவல் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டபின் வேறொரு பக்கம் சறுக்குவதும் உண்டு. 'ஹூ கால்டு?' என்பதில் 'ஹூ'வே எழுவாய். தாவுவதற்கு எதுவும் இல்லை, ஆகவே மாற்றவும் எதுவும் இல்லை: 'டூ யூ நோ ஹூ கால்டு?' 'வாட் ஹேப்பெண்டு', 'வாட் இஸ் ராங்' எல்லாம் இந்த ரகம். 'கேன் யூ டெல் மீ வாட் ராங் இஸ்?' என்று விதியை நம்பி எழுதியவர்கள் உண்டு. அது ஆங்கிலமே இல்லை. அப்புறம், பேச்சில் 'ஹீ'ஸ்' என்று சுருக்குவது வாக்கியக் கடைசியில் ஆகாது. 'டூ யூ நோ வேர் ஹீ இஸ்?' என்று முழுசாகத்தான் முடிக்க வேண்டும்.

'திங்க்' கொஞ்சம் தனி வழி. 'டூ யூ நோ வேர் ஹீ இஸ்?' சரி. அதே அச்சில் 'டூ யூ திங்க் வேர் ஹீ இஸ்?' என்றால் தவறு. 'வேர் டூ யூ திங்க் ஹீ இஸ்?' என்றுதான் கேட்க வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? 'டூ யூ நோ' என்று கேட்டால் 'ஆமாம், தெரியும்' என்று பதில் சொல்ல முடியும். 'டூ யூ திங்க் வேர்' என்பதற்கு 'ஆமாம், நினைக்கிறேன்' என்று பதில் சொன்னால் பொருளே இல்லை. அங்கே உண்மையான கேள்வி 'எங்கே' என்பது, அதனால் அது முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. கடைசியில் 'ஹீ இஸ்' மட்டும் இங்கேயும் தாவாமல் நிற்பதைக் கவனியுங்கள். அதே ஒரு தாவல்தான்.

சரி, இலக்கணம் இவ்வளவு. உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 'ப்ளீஸ்' போட்டும் ஏன் அதிகாரமாகக் கேட்கிறது?

தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'கொடு' என்பதும் 'கொடுங்க' என்பதும் ஒரே கட்டளைதான். ஆனால் அந்த 'ங்க' வந்ததும் கட்டளையின் கூர் மழுங்கிவிடுகிறது. நாம் நாள் முழுக்க 'சொல்லுங்க, அனுப்புங்க, பாருங்க' என்று கட்டளைகளாகவே பேசுகிறோம். யாரும் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. நீங்கள் அந்த மெயிலை எழுதும்போது உங்கள் மனத்தில் ஓடியது 'ரிப்போர்ட்டை அனுப்புங்க' என்பதாகத்தான் இருக்கும். ஆனால் 'சென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வால் கிடையாது. உங்கள் 'ங்க' மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிட்டது. படித்தவர் கையில் போய்ச் சேர்ந்தது வெறும் 'அனுப்பு'. 'ப்ளீஸ்' அதை 'தயவுசெய்து அனுப்பு' ஆக்குகிறது, அவ்வளவுதான். 'அனுப்புங்க' ஆக்குவதில்லை. உங்களுக்கு அதிகார எண்ணம் இருந்ததில்லை என்று நீங்கள் எழுதாமலே எனக்குப் புரிகிறது. எண்ணத்தில் இருந்த மரியாதை எழுத்தில் ஏறவில்லை.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்ற வேற்றுமை இருந்தது. 'தௌ' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். 17-ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் தேய்ந்துபோய், எல்லோருக்கும் 'யூ' என்று ஆகிவிட்டது. மரியாதையைக் காட்ட வினைச்சொல்லிலும் இடமில்லை, 'யூ'விலும் இடமில்லை என்றால் வேறு எங்கே காட்டுவது? வாக்கியத்தின் அமைப்பில்தான். கட்டளையைக் கேள்வியாக்குவது, கேள்விக்கு முன்னால் ஒரு 'குட் யூ டெல் மீ' வைப்பது, காலத்தை ஒரு படி பின்னால் தள்ளுவது. 'குட் யூ' என்ற தொடக்கம்தான் ஆங்கிலத்தின் 'ங்க' என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம்.

இந்தச் சுற்றுவழி ஏதோ வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கு வராது என்று நினைக்காதீர்கள். பள்ளித் தமிழ் இலக்கணத்தில் வினாவை ஆறு வகையாகப் படித்திருப்பீர்கள். அதில் ஏவல் வினா என்று ஒன்று. வடிவத்தில் கேள்வி, உள்ளே ஒரு வேலையைச் செய்யச் சொல்வது. 'குட் யூ சென்ட் மீ தி ஃபைல்?' அதுவேதான். பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள் பணிவை எப்படிப் பேச்சில் காட்டுகிறார்கள் என்று 1978-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். இன்றும் அந்தத் துறையில் முதலில் படிக்கப்படுவது அது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஆங்கிலம் ஒன்று, மெக்சிகோவின் மாயா இன மொழிகளில் ஒன்றான ட்செல்ட்டால் ஒன்று, மூன்றாவது தமிழ். சுற்றி வளைத்துப் பணிவாகக் கேட்கிற கலை நம் மொழியிலும் நிறைய இருக்கிறது.

இறந்தகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ' என்பதில் ஏன் 'வாஸ்' என்று பலர் கேட்பார்கள். இப்போதுதானே கேட்கிறேன், 'ஆம்' தானே வர வேண்டும்? ஆனால் ஒருவர் எதிரில் நின்றுகொண்டே நாம் என்ன சொல்கிறோம்? 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்.' 'ஒரு உதவி கேட்கலாமே என்று நினைத்தேன்.' வந்தேன், நினைத்தேன் எல்லாம் இறந்தகாலம். இப்போதுகூடக் கேட்கத்தான் போகிறோம். ஆனால் இறந்தகாலத்தில் சொன்னால் 'நினைத்தேன், உங்களுக்கு முடியாவிட்டால் பரவாயில்லை' என்று எதிராளிக்கு நகர்ந்துகொள்ள ஒரு வழி விடுகிறோம். 'கேன்' என்பது 'குட்' ஆவதும், 'வில்' என்பது 'வுட்' ஆவதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த 'ஐ வாஸ் வொண்டரிங்' வாக்கியத்துக்குக் கடைசியில் முற்றுப்புள்ளிதான், கேள்விக்குறி இல்லை. தாவலே இல்லாத வாக்கியம் அது, வடிவத்தில் முழுக்கச் செய்தி.

'வுட் யூ மைண்ட்' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பதில்தான் வழுக்கும். 'வுட் யூ மைண்ட் செண்டிங் இட் அகெய்ன்?' என்றால் 'மறுபடி அனுப்புவதில் உங்களுக்கு ஏதும் சிரமம் உண்டா?' என்று பொருள். வினைச்சொல் 'இங்' சேர்ந்துதான் வரும். 'எஸ்' என்று பதில் சொன்னால் 'ஆமாம், சிரமம்தான்' என்று ஆகிவிடும். சம்மதம் சொல்ல 'நாட் அட் ஆல்' அல்லது 'நோ, ஆஃப் கோர்ஸ் நாட்' என்க வேண்டும். 'தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?' என்று ஒருவர் கேட்டால் நாம் 'சேச்சே, இல்லை' என்கிறோமே, அதே போல.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். அதில் 'ப்ளீஸ்' என்ற சொல்லைவிட 'வொய்' என்ற சொல்லைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஏன் அனுப்பவில்லை என்பது எந்த மொழியிலும் விசாரணை. முன்னால் 'குட் யூ டெல் மீ' போட்டாலும் அது விசாரணையாகவே இருக்கும். 'குட் யூ டெல் மீ வொய் தி ரிப்போர்ட் ஹேஸ் நாட் பீன் சென்ட்?' இலக்கணம் பிசகில்லாத வாக்கியம், ஆனாலும் படிப்பவருக்குக் குத்தும். 'மே ஐ நோ வொய்' என்று தொடங்கினால் இன்னும் கடுமை. யோசித்துப் பாருங்கள், உங்களுக்குக் காரணம் வேண்டுமா, ரிப்போர்ட் வேண்டுமா? ரிப்போர்ட்தான் என்றால் 'வொய்' கேட்க வேண்டியதே இல்லை, 'வென்' கேட்டால் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு தி ரிப்போர்ட் யெட். குட் யூ லெட் மீ நோ வென் ஐ கேன் எக்ஸ்பெக்ட் இட்? ஐ நீட் இட் பை ஃபோர் டுடே டு ஃபினிஷ் மை பார்ட்.'

முதல் வாக்கியத்தில் 'நீங்கள் அனுப்பவில்லை' என்பது 'எனக்கு வந்து சேரவில்லை' என்று மாறியிருக்கிறது. உண்மையிலேயே அவர் அனுப்பி, எங்காவது சிக்கியிருக்கலாமே. இரண்டாவதில் 'வென் ஐ கேன்', தாவல் இல்லை, விரலால் மறைத்துப் பாருங்கள். மூன்றாவதில் 'இம்மீடியட்லி' போய்விட்டது, பதிலாக நேரமும் காரணமும் வந்திருக்கின்றன. 'உடனே' என்பது உத்தரவு. 'நாலு மணிக்குள் வந்தால்தான் என் வேலை முடியும்' என்பது தகவல். தகவலைப் படிக்கிறவர் தானாகவே அவசரத்தைப் புரிந்துகொள்வார்.

அதற்காக எல்லாவற்றையும் இழுத்து நீட்ட வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழியிடம் 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாசிப்லி' என்று தொடங்கினால், நேற்று ஏதாவது மனத்தாங்கலா என்று அவர் யோசிப்பார். அவரிடம் 'கேன் யூ சென்ட் மீ தட்?' போதும். கேட்பது சின்ன விஷயம் என்றால் வாக்கியமும் சின்னதாக இருக்கட்டும். கேட்பது பெரிதாகவோ, கேட்கப்படுபவர் அதிகம் பழகாதவராகவோ இருந்தால் தொடக்கம் நீளலாம். சர்வர் நின்றுபோயிருக்கும்போது 'வென் வில் இட் பி பேக்?' என்று நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை நினைவூட்டும்போது ரொம்பக் குழைந்து எழுதுவதையும் நான் தவிர்ப்பேன். அந்த இடத்தில் அதீதப் பணிவு கிண்டல் போலப் படும்.

பதில் சொல்லும் பக்கத்தில் இருக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். யாராவது 'டூ யூ நோ வென் தி டெஸ்டிங் ஸ்டார்ட்ஸ்?' என்று கேட்டால் 'எஸ்' என்று நிறுத்திவிடாதீர்கள். கேள்வி வடிவத்தில் 'தெரியுமா', உள்ளே 'எப்போது'. தேதியைச் சொன்னால்தான் அது பதில்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போனில் வாய் திறக்கும் நேரத்தில் விதியை யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வழி சொல்கிறேன். இரண்டிலுமே இந்தத் தாவல் தொல்லை வராது. ஒன்று, உள் வாக்கியத்தையே எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லைப் போடுவது. 'கேன் யூ டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்?' என்று சுற்றுவதற்குப் பதில் 'மே ஐ ஹேவ் யுவர் நேம்?' 'வென் தி டெலிவரி வில் பி' என்பதற்குப் பதில் 'குட் யூ டெல் மீ தி டெலிவரி டேட்?' மற்றொன்று, வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. 'ஐ ஹேவ் எ க்விக் கொஸ்சன் அபௌட் தி ஃபைல். வென் வில் யூ சென்ட் இட்?' முதல் வாக்கியம் பணிவைப் பார்த்துக்கொள்ளும், இரண்டாவதில் உங்களுக்குப் பழக்கமான நேரடிக் கேள்வி. யாரும் இதில் குறை சொல்ல முடியாது.

கூடவே, நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மெயில்களைத் திறந்து தினம் ஐந்து கேள்விகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் செய்தியை எழுதுங்கள்: 'தி மீட்டிங் ஸ்டார்ட்ஸ் அட் டென்.' பிறகு 'அட் டென்'னை எடுத்துவிட்டு முன்னால் 'வென்' வையுங்கள். அதற்கு முன்னால் 'டூ யூ நோ' வையுங்கள். செய்தியிலிருந்து தொடங்கினால் 'டஸ்' எட்டிப் பார்க்கவே செய்யாது. கேள்வியிலிருந்து தொடங்கி மாற்ற முயல்பவர்கள்தான் நான்கு முறை திருத்த வேண்டியிருக்கிறது. வாயால் சொல்லியும் பாருங்கள். கண்ணைவிட வாய்க்குத்தான் இந்தப் பழக்கம் வேண்டும்.

கடைசியாக, எல்லோர் முன்னாலும் திருத்தினார் என்று எழுதியிருந்தீர்களே, அது உங்களை வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. திருத்துவது அவர் உரிமை என்றாலும், எங்கே வைத்துத் திருத்த வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அவரிடம் தனியாகப் போய் இப்படிக் கேளுங்கள்: 'வுட் யூ மைண்ட் டெல்லிங் மீ ஆஃப்டர் தி கால், இன் பிரைவேட், வாட் ஐ காட் ராங்?' அதில் 'வாட் டிட் ஐ கெட் ராங்' இல்லை, 'வாட் ஐ காட் ராங்' இருக்கிறது, பார்த்தீர்களா. அவர் 'நாட் அட் ஆல்' என்றால் சம்மதித்துவிட்டார் என்று பொருள்.